எத்தனை நாள் தாங்கும்?

திருவண்ணாமலைக்காரர்களுக்குக் கடல் என்பது பள்ளிச் சுற்றுலாவில் பார்க்கிற விஷயம். பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் ஆகிவிடும். ஊரின் தெய்வம் நெருப்பு. ஊர்க்காரர்களின் பேச்சோ எப்போதும் தண்ணீரைப் பற்றித்தான்: ஏரி நிரம்பியதா, போர் எத்தனை அடி, சாத்தனூரில் எவ்வளவு நிற்கிறது. அந்தக் கடைசிக் கேள்வியில்தான் கடலோடு எங்களுக்கு ஓர் உறவு இருக்கிறது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து கிருஷ்ணகிரி வழியாக இறங்கி வரும் தென்பெண்ணையை எங்கள் மாவட்டத்தில் சாத்தனூர் அணை மறிக்கிறது. 1958இல் கட்டி முடித்த அணை. முழு உயரம் 119 அடி. அதன் மதகைத் திறந்தால் தண்ணீர் விழுப்புரம் மாவட்டத்தைக் கடந்து கடலூரில் கடலைத் தொடும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் மாலை எங்கள் ஊர் மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் வெளியேறியது. லிட்டரில் சொன்னால் ஒவ்வொரு வினாடியும் சுமார் 48 லட்சம் லிட்டர். விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஊர்கள் மூழ்கின. முன்கூட்டியே சொன்னார்களா இல்லையா என்று சட்டமன்றம் வரை சண்டை போனது.

அந்தச் சண்டை நடக்க வேண்டியதுதான். நான் எழுத வந்தது அதே தண்ணீரின் கடைசிக் கிலோமீட்டரைப் பற்றி. ஆறு கடலைச் சேரும் இடத்தில், கல்லிலும் பாலத் தூணிலும் அலையாத்தி வேரிலும் ஒட்டிக்கொண்டு சிப்பிகள் வாழ்கின்றன. மீன் நீந்திப் போய்விடும். நண்டு நடந்து போய்விடும். சிப்பியால் ஒரு அங்குலம்கூட நகர முடியாது. நேற்றுவரை உப்பாக இருந்த தண்ணீர் இன்று காலை குடிக்கிற அளவுக்கு நன்னீராகிவிட்டால் அது என்ன செய்யும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய வரலாறு நூறு ஆண்டுக்கும் மேல் நீளமானது. அதன் முக்கியமான சில பக்கங்கள் சென்னையிலும் பரங்கிப்பேட்டையிலும் எழுதப்பட்டவை.

*

பதில் தேடுவதற்கு நம் பக்கத்தில் இருக்கிற நல்ல இடம் பிச்சாவரம். கடலூரிலிருந்து தெற்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், சுமார் 1,100 ஹெக்டேரில் கிடக்கிற அலையாத்திக் காடு. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சிதம்பரத்திலிருந்து அரை மணி நேரப் பயணம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரமே அலையாத்திக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அதன் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. பார்வையே போகும் என்பார்கள். நடராஜர் கோயில் இன்று நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒருகாலத்தில் கழிமுகக் காடு இருந்ததை அந்தப் பெயர் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது. நெருப்புத் தலத்திலிருந்து ஆகாயத் தலத்துக்குப் போகிற எங்கள் ஊர்க்காரர்கள் பலர் அப்படியே பிச்சாவரத்தில் படகு ஏறிவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள்.

படகு கால்வாய்க்குள் நுழைந்ததும் எல்லோரும் போனை எடுத்து மரக்கூரையைப் படம் பிடிப்பார்கள். பார்க்க வேண்டியது கீழே. தண்ணீர் வற்றும் நேரத்தில் சுரபுன்னையின் வளைந்த வேர்கள் வெளியே தெரியும். அந்த வேர்களில், ஏறக்குறைய ஒரே உயரத்தில், சாம்பல் நிறத்தில் கொத்துக் கொத்தாகச் சிப்பிகள். அலை ஏறும்போது மூழ்கும், இறங்கும்போது காற்றில் நிற்கும். ஒரு நாளைக்கு இரண்டு முறை. நான் போனபோது படகு ஓட்டிய அண்ணன் துடுப்பால் ஒரு கொத்தைத் தட்டிக் காட்டினார். "உள்ள உசுரு இருக்கு சார். கத்திய வெச்சாலும் தொறக்காது."

வங்கக் கடலின் சாதாரண நீரில் கிலோவுக்கு 30 முதல் 35 கிராம் உப்பு இருக்கும். கோடையில் வெள்ளாற்று முகத்துவாரம் கிட்டத்தட்டக் கடல்தான். ஆற்றிலிருந்து தண்ணீர் வராது, வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுத்தால் அதே இடத்தில் உப்பு ஐந்து கிராமுக்கும் கீழே போய்விடும். இது வருடக் கணக்கு. நாள் கணக்கு தனி: அலை ஏறும்போது உப்பு, இறங்கும்போது சப்பென்று இருக்கும். இதிலும் அடுக்குகள் உண்டு. நன்னீர் இலேசானது என்பதால் மேலே மிதக்கும். கனமான உப்புநீர் அடியில் ஆப்பு மாதிரி நுழைந்து கிடக்கும். ஒரே வேரில் மேலே ஒட்டியிருக்கும் சிப்பிக்கு ஆறு, அடியில் இருப்பதற்குக் கடல்.

உயிருக்கு இது ஏன் பிரச்சினை என்பதைச் சமையலறையிலேயே பார்க்கலாம். மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டு வைத்தால் நீர் விட்டுச் சுருங்குகிறது. உலர் திராட்சையை இரவு தண்ணீரில் போட்டால் காலையில் உப்பி நிற்கிறது. பள்ளியில் சவ்வூடு பரவல் என்று படித்தது இதுதான். கழிமுக விலங்கின் ஒவ்வொரு செல்லும் தினம் இந்த இரண்டு பக்கமும் இழுபடுகிறது. ஒன்று மாங்காயாகச் சுருங்க வேண்டும், இல்லை திராட்சையாக உப்பி வெடிக்க வேண்டும். இரண்டும் நடக்காமல் எப்படிச் சமாளிக்கிறது?

*

முதல் துப்பு பெல்ஜியத்தில் கிடைத்தது. லியேஜ் நகரத்து உடலியலாளர் லியோன் ஃப்ரெடரிக், 1880களில் நண்டுகளின் ரத்தத்தை ஆராய்ந்தபோது, கடலில் பிடித்த நண்டின் ரத்தத்தில் உப்பு அதிகமாகவும் உவர்நீரில் பிடித்த அதே வகை நண்டின் ரத்தத்தில் குறைவாகவும் இருப்பதைக் கண்டார். நம் ரத்தத்தில் உப்பு ஒரு குறுகிய எல்லைக்குள் நிற்கும். கொஞ்சம் விலகினாலும் ஐசியூதான். நண்டு வெளியே இருக்கிற தண்ணீரோடு சேர்ந்து தானும் மாறுகிறது. ஆனால் அதன் தசையில் ரத்தத்தில் இருக்கிற அளவு உப்பு இல்லை. உப்பு இல்லாமலே தசை எப்படி உப்பு ரத்தத்தோடு சமநிலையில் நிற்கிறது? செல்லுக்குள் வேறு ஏதோ கரைந்திருந்து அந்த இடத்தை நிரப்புகிறது என்று அவர் புரிந்துகொண்டார்.

அந்த 'வேறு ஏதோ' என்ன என்பது தெளிவாக அரை நூற்றாண்டுக்கும் மேல் பிடித்தது. 1950களில் அதே லியேஜில் மார்செல் ஃப்ளோர்கின் குழு ஓட்டுடலிகளின் தசையை அலசியபோது விடை கிடைத்தது: அமினோ அமிலங்கள். கிளைசின், அலனின், புரோலின், டாரின் போன்றவை. வெளியே உப்பு ஏறினால் செல் இவற்றைச் சேர்த்துக்கொள்கிறது. உப்பு இறங்கினால் இவற்றை வெளியே விட்டு இலேசாகிறது. வீங்கவும் இல்லை, சுருங்கவும் இல்லை. சிப்பி, மட்டி, நண்டு, இறால் எல்லாமே கூடுதலாகவோ குறைவாகவோ இந்த வித்தையைச் செய்கின்றன.

இதை நாக்காலேயே சோதிக்கலாம். கிளைசினும் அலனினும் இனிப்பானவை. அதனால்தான் நல்ல உப்புநீரில் பிடித்த இறால், நண்டின் சதையில் ஓர் இனிப்பு தெரிகிறது. உப்புக் குறைந்த நீரில் வளர்ந்தது கொஞ்சம் சப்பென்று இருக்கும். "இது கடல் எறா, அது கொளத்து எறா" என்று கடலூர்ப் பக்கம் மீன்கார அம்மா பிரித்துச் சொல்வதற்குப் பின்னால் இந்த வேதியியலும் உண்டு.

*

இப்போது சென்னைக்கு வரலாம். முதல் உலகப் போருக்கு முன்பே மதராஸ் அரசின் மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பதைப் பார்த்துவிட்டு வந்து 1910 வாக்கில் பழவேற்காட்டில் அதைச் செய்து பார்த்தார். நம் கழிமுகங்களில் அதிகம் கிடைக்கிற சிப்பிக்கு 1916இல் அறிவியல் பெயர் சூட்டிய பிரெஸ்டன், 'மதராசென்சிஸ்' என்று ஊரின் பெயரையே வைத்தார். அந்தக் காலத்து வேலை பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது: என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, தின்ன முடியுமா, விற்க முடியுமா.

1937இல் கேள்வி மாறியது. சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஆர். கோபால ஐயரும் அவருடைய மாணவர் என். கேசவ பணிக்கரும் சேர்ந்து சென்னையின் உவர்நீர் விலங்குகளைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அடையாற்றின் கழிமுகம் அவர்களுக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. கோடையில் மணல் திட்டு வாயை அடைத்துவிடும். மழையில் ஆறு அதை உடைத்துக்கொண்டு கடலுக்குள் பாயும். ஒரே இடத்தில் பல தண்ணீர்கள். அங்கே என்னென்ன விலங்குகள் உண்டு என்ற பட்டியலோடு, அவை இந்த மாற்றத்தை எப்படித் தாங்குகின்றன என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

பணிக்கர் கேரளத்தில் பிறந்தவர். அப்போது இருபதுகளின் நடுவில் இருந்தார். அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனார். 1941இல் பிளிமத் கடல் உயிரியல் சங்கத்தின் ஆய்விதழில் இறால்களைப் பற்றிய அவருடைய கட்டுரை வந்தது. அவர் ஆராய்ந்த இறால்கள் நண்டைப்போல வெளியே இருக்கிற தண்ணீரோடு முழுவதுமாக ஒத்துப்போகவில்லை. முழு உப்புக் கடலில் அவற்றின் ரத்தம் கடலைவிட நீர்த்திருந்தது. நீர்த்த நீரில் வெளியைவிட உப்பாக இருந்தது. அதாவது இறால் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது: ஒருபுறம் உப்பை வெளியே தள்ளுகிறது, மறுபுறம் உள்ளே இழுக்கிறது. கடலிலேயே வாழ்கிற இறாலுக்குக்கூட ரத்தம் கடலைவிட இலேசாக இருக்கிறதென்றால், அதன் முன்னோர்கள் உவர்நீரில் இருந்துவிட்டுக் கடலுக்குத் திரும்பியவர்களாக இருக்கலாம் என்றார் பணிக்கர்.

தள்ளுவதும் இழுப்பதும் எந்தக் கருவி என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1957இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் யென்ஸ் ஸ்கோ என்பவர் அதைக் கண்டுபிடித்தார். செல்லின் சவ்வில் உட்கார்ந்து சோடியத்தை வெளியேயும் பொட்டாசியத்தை உள்ளேயும் தள்ளும் ஒரு பம்பு. அவர் அதைக் கண்டது கரையோர நண்டின் கால் நரம்பில். அந்தப் பம்பு இப்போது இதைப் படிக்கிற உங்கள் மூளையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்கோவுக்கு 1997இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இறாலின் செவுளிலும் நண்டின் செவுளிலும் இந்தப் பம்புகள் அடர்த்தியாக இருக்கின்றன. ஓட ஆற்றல் வேண்டும். 1950களில் மண்டபத்தில் இருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கே. பம்பாபதி ராவ், கடலில் பிடித்த இறாலையும் உவர்நீரில் பிடித்த அதே இன இறாலையும் வெவ்வேறு உப்பில் வைத்து அவை இழுக்கும் ஆக்சிஜனை அளந்தார். உப்போடு மல்லுக்கட்டுவதற்கான செலவை மூச்சின் கணக்கில் படிக்கும் முயற்சி அது.

பணிக்கரின் இன்னொரு யோசனைதான் என்னை அதிகம் பிடித்து வைத்தது. 1940இல் நேச்சர் இதழில் ஒரு சிறு குறிப்பாக வந்தது. நீர்த்த நீரைத் தாங்கும் திறன் வெப்பத்தைப் பொறுத்தது என்கிறது அது. குளிரில் அந்தத் திறன் குறைகிறது, வெதுவெதுப்பில் கூடுகிறது. அப்படியானால் கடலிலிருந்து கழிமுகத்துக்கும் அங்கிருந்து ஆற்றுக்கும் ஏறி வருவது ஐரோப்பாவைவிட நம் ஊர் விலங்குகளுக்கு எளிது. வெப்ப நாட்டுக் கழிமுகங்களில் இவ்வளவு வகை இறாலும் நண்டும் நிறைந்திருப்பதற்கு அது ஒரு காரணம். வெயிலைச் சோம்பலுக்கும் நோய்க்கும் காரணமாகவே ஐரோப்பியர்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அடையாற்றைப் பார்த்து வளர்ந்த ஓர் இளைஞர், உயிர்களுக்கு வெயில் ஒரு வசதி என்று எழுதினார். பிற்பாடு அவர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகவும், 1966இல் தொடங்கிய தேசியக் கடலியல் நிறுவனத்தின் முதல் இயக்குநராகவும் ஆனார்.

*

ஆனால் சிப்பிக்கு இந்த வசதி உண்டா? இங்கேதான் கதை பிரிகிறது.

இறாலிடம் பம்பு இருக்கிறது. சேற்று நண்டிடமும் இருக்கிறது. அவை உழைத்துச் சமாளிக்கின்றன. சிப்பியின் ரத்தத்தில் அப்படிப்பட்ட கட்டுப்பாடு கிடையாது. வெளியே என்ன உப்போ உள்ளேயும் அதே உப்பு. அமினோ அமிலத்தை ஏற்றி இறக்கி மெதுவாகப் பழகிக்கொள்ளும். மாற்றம் படிப்படியாக வந்தால் அது போதும். திடீரென்று வந்தால் அதற்குத் தெரிந்த ஒரே காரியம் ஓட்டை மூடுவது.

மூடுவதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். சிப்பியின் மூடுதசையில் ஒரு பகுதி பூட்டுப் போட்ட மாதிரி இறுகி நிற்கக்கூடியது. நம் கைத்தசை போல நிமிடத்துக்கு நிமிடம் சக்தி கேட்காது. படகுக்கார அண்ணன் கத்தியைப் பற்றிச் சொன்னது அந்தப் பூட்டைத்தான். உள்ளே கொஞ்சம் பழைய உப்புநீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வெளி உலகத்தை நிறுத்திவிடுகிறது. எங்கள் மென்பொருள் பாஷையில் சொன்னால் ஆஃப்லைனுக்குப் போய்விடுகிறது.

பூட்டிய வீட்டில் ஆக்சிஜன் சீக்கிரம் தீரும். அதன் பிறகு சேமித்து வைத்த கிளைக்கோஜனை ஆக்சிஜன் இல்லாமலே எரிக்கத் தொடங்கும். நாம் ஓடி மூச்சு வாங்கும்போது தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறதே, அது மாதிரி. ஆனால் சிப்பி இன்னும் சிக்கனமான வழியில் போகிறது. சக்சினேட், புரோப்பியோனேட் போன்ற பொருள்களில் கொண்டுபோய் முடித்து, அதே கிளைக்கோஜனிலிருந்து கூடுதல் ஆற்றலைப் பிழிகிறது. செலவையும் குறைக்கிறது. ஆக்சிஜன் இல்லாதபோது சில சிப்பி இனங்களின் மொத்த ஆற்றல் செலவு வழக்கத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது.

அமிலம் மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கும். அதை என்ன செய்வது? 1930களின் இறுதியில் அமெரிக்க மட்டி ஒன்றில் நடந்த ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. மூடிய மட்டி தன் ஓட்டின் உட்புறத்தையே கரைக்கிறது. ஓடு கால்சியம் கார்பனேட், சுண்ணாம்பு. வயிற்றெரிச்சலுக்கு நாம் மாத்திரை போட்டுக்கொள்வதைப் போலத் தன் வீட்டுச் சுவரைச் சுரண்டித் தின்று அமிலத்தை அடக்குகிறது. நல்ல காலம் வந்தால் சுவரைத் திரும்பப் பூசிக்கொள்ளலாம். அதுவரை அது கடன்.

இங்கே பணிக்கரின் வெயில் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. வெப்பம் ஏறினால் உடலின் வேதிவினைகள் வேகமாகும். உழைக்கிற இறாலுக்கு அது பம்பை ஓட்ட உதவி. காத்திருக்கிற சிப்பிக்கு அது கிளைக்கோஜனைச் சீக்கிரம் தீர்க்கும் நெருப்பு. அமெரிக்கக் கிழக்குக் கரைச் சிப்பிகளில் இதை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் நன்னீர் வந்தால் வாரக்கணக்கில் மூடிக்கொண்டு பிழைத்துவிடும். கோடை வெப்பத்தில் அதே அளவு நன்னீர் வந்தால் அதைவிட மிகக் குறைந்த நாளில் சாகத் தொடங்கும். ஒரே கழிமுகம், ஒரே வெயில். ஒருவருக்கு அது கூலி, இன்னொருவருக்கு வட்டி.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த விஷயம் ஒன்றுதான். 'இந்தச் சிப்பி எவ்வளவு உப்பைத் தாங்கும்?' என்ற கேள்வி பாதிக் கேள்வி. ஐந்து கிராம் உப்பிலும் அது சாகாது. ஒரு நாள் என்றால். இருபது நாள் என்றால் வேறு கதை. மீதிப் பாதி எத்தனை நாள் என்பது. இன்னும் கேட்டால், எந்த மாதத்தில் என்பது. சர்வர் வேலை பார்க்கிறவர்களுக்கு இது புரியும். உச்ச நேர நெரிசலில் சிஸ்டம் விழுவதில்லை. நெரிசல் இறங்காமலே இருந்து மெமரி தீர்ந்த பிறகுதான் விழுகிறது.

*

நாளையும் மாதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டுமானால் யாராவது ஒரே இடத்தில் உட்கார்ந்து வருடக்கணக்கில் அளக்க வேண்டும். வெள்ளாற்றின் கரையில் அது நடந்தது. போர்த்துக்கீசியர்கள் போர்ட்டோ நோவோ என்று பெயரிட்ட பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையத்தை ஆர். வி. சேஷய்யா உருவாக்கினார். 1960களில் பல்கலைக்கழக மானியக் குழு அதை உயராய்வு மையமாக ஏற்றது. ஆற்றங்கரையிலேயே ஆய்வுக்கூடம், மாணவர்கள் படகில் போய் உப்பு, வெப்பம், ஆக்சிஜன் மூன்றையும் அளந்து வருவார்கள். மாதாமாதம், வருடாவருடம். வெள்ளாற்று மட்டி எப்போது கொழுக்கிறது, எப்போது முட்டையிடுகிறது, மழையில் என்னவாகிறது என்று ஆய்வேடு மேல் ஆய்வேடாகச் சேர்ந்தது. பரபரப்பான கண்டுபிடிப்பு எதுவும் இல்லாத வேலை. கழிமுகத்துக்கு ஒரு பஞ்சாங்கம் எழுதும் வேலை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அந்தப் பஞ்சாங்கத்தில் ஒரு நல்ல ஒழுங்கு தெரிகிறது. நம் கரையில் பெரிய நன்னீர் வருவது ஐப்பசி முதல் மார்கழி வரை. வருடத்தில் தண்ணீர் கொஞ்சம் குளிர்ந்திருக்கும் மாதங்கள் அவை. சிப்பியின் கிளைக்கோஜன் மெதுவாகக் கரையும் நேரம். சிறு சிறு வெள்ளங்களாக வந்து, நடுவில் அலை உப்பைத் திருப்பிக் கொண்டுவந்தால், சிப்பிக்குத் திறந்து மூச்சு வாங்க இடைவெளி கிடைக்கும். வெள்ளத்தில் அதற்கு லாபமும் உண்டு. சிப்பியின் ஓட்டைத் துளைத்துத் தின்னும் சங்கு வகை நத்தைகளில் பல நன்னீரைத் தாங்காதவை. நாலு நாள் வெள்ளம் அவற்றை விரட்டிவிடும். குறுகிய வெள்ளம் எண்ணெய்க் குளியல் மாதிரி. இறால் குஞ்சுகளுக்கும் இந்தப் பருவ மாற்றம் வேண்டும். கடலில் பொரித்து, கழிமுகத்துக்குள் வந்து வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்புவது அவற்றின் வாழ்க்கை.

இந்த ஒழுங்கில் மனிதர் கை வைத்ததற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. பிச்சாவரத்தில் பிரிட்டிஷ் காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறைவைத்து வெட்டினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து அமுங்கிப் பள்ளமானது. அலைநீர் உள்ளே வந்து திரும்பிப் போக முடியாமல் தேங்கி ஆவியானது. உப்பு கடலைவிட மிஞ்சியது. மரம் திரும்ப முளைக்கவில்லை. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து கால்வாய்கள் வெட்டி, அலை வந்து போக வழி செய்த பிறகு அந்த இடங்கள் பச்சையாயின. அதற்குள் ஆறுகள் மாறியிருந்தன. மேட்டூர் அணை 1934இல் வந்துவிட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கே. கதிரேசன், அலையாத்திகள் ஏன் நலிகின்றன என்று 2002இல் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதியபோது, மிகை உப்பும் நன்னீர் குறைவும் அவர் சொன்ன காரணங்களில் இருந்தன.

அணை என்ன செய்கிறது என்பதைக் கழிமுகத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும். சிறு வெள்ளங்களை அது பிடித்து வைத்துக்கொள்கிறது, அதற்காகத்தான் கட்டினோம். நிரம்பிய பிறகு வரும் பெரு வெள்ளத்தைப் பிடிக்க முடியாது. திறந்தே ஆக வேண்டும். ஆக, கடைக்கோடியில் இருக்கிற உயிருக்குக் கிடைப்பது நீண்ட உப்புக் காலமும் நடுவில் ஒரே அடியாக ஒரு நன்னீரும். படிப்படியாகப் பழக வேண்டிய உடலுக்குப் படிகள் போய்விடுகின்றன.

அது எந்த அளவுக்குப் போகலாம் என்பதற்கு 2019இல் அமெரிக்காவில் ஓர் உதாரணம் கிடைத்தது. மிசிசிப்பி ஆற்றின் வெள்ளத்திலிருந்து நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காப்பாற்ற போனே காரே என்ற வடிகாலைத் திறப்பார்கள். அந்த வருடம் இரண்டு முறை திறந்தார்கள். பிப்ரவரி 27 முதல் ஏப்ரல் 11 வரை ஒரு தடவை, மே 10 முதல் ஜூலை 27 வரை இன்னொரு தடவை. மொத்தம் 123 நாள். நகரம் பிழைத்தது. நன்னீர் போய்ச் சேர்ந்த மிசிசிப்பி மாநிலக் கரையில் சிப்பித் திட்டுகள் ஏறக்குறைய அழிந்துபோயின. அந்தச் சிப்பிகள் அதற்கு முன் எத்தனையோ வெள்ளத்தைப் பார்த்தவை. இந்த முறை தண்ணீர் வடியவில்லை. இரண்டாவது தவணை வெயில் காலத்தில் வந்தது. மூடிக்கொண்டு காத்திருந்தவற்றின் கையிருப்பு தீர்ந்தது. அரசு அதை மீன்வளப் பேரிடராக அறிவித்தது. மீனவர்கள் நிவாரணத்துக்கு நின்றார்கள்.

நம் ஊரில் அந்த வரிசையில் நிற்கப்போவது யார் என்றும் பார்க்க வேண்டும். கழிமுகத்தில் மட்டி பொறுக்குவதும் கையால் இறால் பிடிப்பதும் படகோ வலையோ வாங்க முடியாதவர்களின் தொழில். பிச்சாவரத்தைச் சுற்றி இருளர் குடும்பங்கள் இடுப்பளவு நீரில் மண்டியிட்டு, சேற்றைக் கையால் தடவித் தடவி இறாலையும் நண்டையும் பிடிக்கிறார்கள். எங்கள் மாவட்டத்திலும் இருளர்கள் உண்டு. ஆற்றின் மேல் முனையில் அணை நிரம்பினால் எங்களுக்குச் சந்தோஷம். கீழ் முனையில், தண்ணீர் எத்தனை நாள் சப்பென்று இருக்கும் என்பதில் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் இருக்கிறது. புயல் நிவாரணக் கணக்கில் உடைந்த படகு வரும், கிழிந்த வலை வரும். வாய் திறந்து செத்துக் கிடக்கும் மட்டிக்கு ரசீது யார் கொடுப்பார்கள்?

அணையைத் திறக்காதே என்று யாரும் சொல்ல முடியாது. டிசம்பர் 2 மாதிரியான இரவில் மதகடியில் நிற்கும் பொறியாளருக்கு முன்னால் இருப்பது மனித உயிர்கள். சிப்பி அங்கே வாதியாக முடியாது. ஆனால் எல்லா இரவும் டிசம்பர் 2 இல்லை. மழைக்காலத் தொடக்கத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அணையில் இடம் வைத்துக்கொள்வது கீழே இருக்கிற ஊர்களுக்குப் பாதுகாப்பு என்று வெள்ள நிர்வாகம் தெரிந்தவர்கள் வெகுநாளாகச் சொல்கிறார்கள். அதே சிறு நீர் கழிமுகத்துக்கு அந்த உடைந்த படிகளைத் திருப்பிக் கொடுக்கும். விழுப்புரத்து வீடுகளுக்கும் வேரில் ஒட்டிய சிப்பிக்கும் நல்லது ஒன்றாக இருக்கிற அபூர்வமான இடம் அது.

மழைக்காலத்தில் செய்தித்தாளைத் திறந்தால் அணை நிலவரம் அடியிலும் கன அடியிலும் வருகிறது. அதன் பக்கத்தில் கடலூர் முகத்துவாரத்திலும் வெள்ளாற்று முகத்துவாரத்திலும் உப்பு எத்தனை கிராம், அது இறங்கி எத்தனை நாள் ஆகிறது என்று இரண்டு எண்களைச் சேர்த்துப் போடலாம். அளக்கும் கருவி கைக்கு அடக்கமானது. அளக்கத் தெரிந்தவர்கள் பரங்கிப்பேட்டையில் மூன்று தலைமுறையாக இருக்கிறார்கள்.